பிரெய்ரி கிரீக்: ஒரு பழைய வள மதிப்பீடு எவ்வளவு தாங்கியது

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளில், மெக்கென்சி மலைகளின் தென்பகுதியில், தென் நஹானி ஆற்றில் சேரும் பிரெய்ரி கிரீக் என்ற கிளையாற்றின் கரையில் துத்தநாகமும் ஈயமும் வெள்ளியும் கலந்த ஒரு கனிமப் படிவு இருக்கிறது. 1998 சனவரியில் எம்.ஆர்.டி.ஐ. கனடா என்ற ஆலோசனை நிறுவனம் அந்தப் படிவில் 1 கோடியே 18 லட்சம் டன் தாது இருப்பதாகவும், அதில் துத்தநாகம் 12.5 விழுக்காடு, ஈயம் 10.1 விழுக்காடு, செம்பு 0.4 விழுக்காடு, வெள்ளி டன்னுக்கு 161 கிராம் என்றும் மதிப்பிட்டது. 2001இல் கனடாவின் புதிய கனிம அறிவிப்பு விதி நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கணக்கு ‘வரலாற்று மதிப்பீடு’ என்ற வகைக்குள் போனது. 2007இலும் 2015இலும் அதே படிவுக்குப் புதிய விதியின்படி மதிப்பீடுகள் வெளிவந்தன. பழைய கணக்கையும் புதிய கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எல்லாப் படிவுகளுக்கும் கிடைப்பதில்லை. பல படிவுகள் பழைய எண்ணோடேயே கிடப்பில் போய்விடுகின்றன. பிரெய்ரி கிரீக்கில் அந்த வாய்ப்பு இருக்கிறது. பார்த்தால், பழைய மொத்தம் பெரிதாகத் தவறவில்லை என்று தெரிகிறது. இருந்தும் அந்த மொத்தத்தை மட்டும் நம்பி எவரும் முதலீட்டு முடிவு எடுத்திருக்க முடியாது என்பதே இந்த ஆய்வின் வாதம்.

படிவும் கைவிடப்பட்ட ஆலையும்

இங்கே தாது முதலில் கண்ணில் பட்டது 1928இல், அப்பகுதியில் விலங்குப் பொறி வைத்து வாழ்ந்த ஒருவரால். 1960களில் காடிலாக் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் நிறுவனம் இடத்தின் உரிமையைப் பெற்றது. மலைச்சரிவுக்குள் வெவ்வேறு உயரங்களில் மூன்று குடைவழிகள் வெட்டப்பட்டன. 1980இல் டெக்சஸின் ஹன்ட் குடும்பத்துக்குச் சொந்தமான புரோகான் நிறுவனத்தின் பணம் உள்ளே வந்தது. வெள்ளிச் சந்தையைக் கைப்பற்ற முயன்றதாகப் பேர்பெற்ற அதே ஹன்ட் சகோதரர்கள்தான். அந்த ஆண்டு சனவரியில் வெள்ளி அவுன்சுக்கு ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டது. மார்ச் 27 அன்று ஒரே நாளில் விலை கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தது. அதற்குப் பிறகும் கட்டுமானம் நிற்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதியில் மூடிக் கிடந்த ஒரு செம்புச் சுரங்கத்தின் அரைவை ஆலையைக் கழற்றி, குளிர்காலப் பனிச்சாலை வழியே கொண்டுவந்து நிறுவினார்கள். 1982 வாக்கில் 6.4 கோடி கனடிய டாலர் செலவாகி, வேலையும் பெரும்பாலும் முடிந்திருந்தது. அதே ஆண்டின் நடுவில் வெள்ளி விலை 5 டாலரை ஒட்டி நின்றது. 1983 மே மாதம் காடிலாக் திவாலானது. ஆலை வணிக உற்பத்திக்கு ஒருநாளும் ஓடவில்லை.

இந்த முற்பகுதியை இங்கே சொல்வதற்குக் காரணம் அதன் நாடகத்தன்மை அன்று. 1980க்கு முற்பட்ட மாதிரிகளையும் வரைபடங்களையும் சேகரித்தவர்கள் அதை முதலில் வெள்ளிச் சுரங்கமாகத்தான் பார்த்தார்கள். எதைத் தேடி மாதிரி எடுக்கிறோமோ அதுவே பதிவேட்டில் தங்குகிறது. வெள்ளிக்கும் ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஆய்வக அளவீடு இருக்கும். பாதரசத்துக்கோ ஆன்டிமனிக்கோ, பாறையின் அடர்த்திக்கோ, துத்தநாகம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பதற்கோ அளவீடு இருப்பது அரிது. பின்னால் வரும் மதிப்பீட்டாளர் இந்தப் பதிவேட்டைத்தான் பெற்றுக்கொள்கிறார். அதில் இல்லாததை எந்தக் கணினி நிரலும் இட்டு நிரப்ப முடியாது.

1991 முதல் சான் ஆண்ட்ரியாஸ் ரிசோர்சஸ் நிறுவனம் படிப்படியாக உரிமை பெற்றது. 1999இல் அது தன் பெயரைக் கனடியன் ஜிங்க் என்று மாற்றிக்கொண்டது. வெள்ளியின் பெயரால் தொடங்கிய படிவு துத்தநாகத்தின் பெயரால் நடமாடத் தொடங்கியது அப்போதுதான். 1992இல் நடந்த துளையிடலில், பழைய நாளத்துக்கு, அதாவது பாறைப் பிளவை நிரப்பிய தாதுப் பட்டைக்கு, கீழே, பாறை அடுக்கை ஒட்டிப் படிந்த வேறொரு வகைத் தாது கண்டறியப்பட்டது. ஆக, 1998இன் மதிப்பீட்டாளர்கள் ஒரே மலைக்குள் இருவேறு தாதுக்களைக் கணக்கிட வேண்டியிருந்தது. ஒன்று வடக்குத் தெற்காக ஓடிக் கிழக்கு நோக்கிச் சரிந்திறங்கும் குவார்ட்ஸ் நாளம். அதில் கலீனா (ஈயக் கனிமம்), ஸ்பேலரைட் (துத்தநாகக் கனிமம்), டெட்ராஹெட்ரைட் (செம்பும் வெள்ளியும் தாங்கும் கனிமம்) ஆகியவை கொத்துக் கொத்தாக இருக்கின்றன. மற்றது பைரைட் என்ற இரும்புச் சல்பைடு மிகுந்த, நுண்துகள் தாது. அதில் டெட்ராஹெட்ரைட்டும் செம்பும் மிகக் குறைவு, வெள்ளியும் நாளத்தைவிடக் குறைவு. இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டால் வரும் டன்னுக்கு 161 கிராம் வெள்ளி என்ற எண், மலைக்குள் எந்த ஓர் இடத்தின் இயல்பையும் காட்டும் எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

விதி எங்கே கோடு போடுகிறது

1997இல் இந்தோனேசியாவின் புசாங் தங்கப் படிவு என்று விற்கப்பட்ட பிரி-எக்ஸ் மோசடி வெடித்த பின், டொரன்டோ பங்குச் சந்தையும் ஒன்டாரியோ பத்திர ஆணையமும் ஒரு பணிக்குழுவை அமைத்தன. அதன் தொடர்ச்சியாக 43-101 என்ற தேசிய விதி 2001 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒரு பொதுப்பங்கு நிறுவனம் வெளியிடும் கனிம அளவு எதுவாயினும் தகுதிபெற்ற வல்லுநர் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். வளத்தை, நம்பகம் குறைந்துகொண்டே போகும் வரிசையில், அளக்கப்பட்டது, சுட்டப்பட்டது, உய்த்துணரப்பட்டது என்று மூன்றாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். உய்த்துணரப்பட்ட வளத்தை மற்ற இரண்டோடு கூட்டி ஒரே எண்ணாக அறிவிக்கக் கூடாது.

பழைய மதிப்பீடுகளை என்ன செய்வது என்ற சிக்கல் உடனே எழுந்தது. அவற்றை மறைப்பதும் தவறு, அப்படியே முழங்குவதும் தவறு. விதி இடைவழி ஒன்றை வகுத்தது. பழைய எண்ணைப் பழைய சொற்களிலேயே சொல்லலாம். ஆனால் அது யார், எப்போது செய்தது என்று சொல்ல வேண்டும்; எவ்வளவு பொருத்தமானது, எவ்வளவு நம்பத்தக்கது என்று கருத்துரைக்க வேண்டும்; தெரிந்த அளவில் அதன் அனுமானங்களையும் முறையையும் தர வேண்டும்; அதன் வகைப்பெயர்கள் இன்றைய வகைப்பெயர்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று விளக்க வேண்டும்; அதற்குப் பின் வந்த தரவு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்; அதைச் சரிபார்க்க இன்னும் என்ன வேலை தேவை என்றும் எழுத வேண்டும். இவை எல்லாவற்றோடும், தகுதிபெற்ற வல்லுநர் எவரும் இதை நடப்பு வளமாக வகைப்படுத்தப் போதிய வேலை செய்யவில்லை, நிறுவனமும் இதை நடப்பு வளமாகக் கருதவில்லை என்ற வாசகம் அந்த எண்ணுக்கு இணையான முக்கியத்துவத்துடன் இடம்பெற வேண்டும். தலைப்பில் எண்ணையும் கடைசிப் பக்கத்தின் அடியில் எச்சரிக்கையையும் வைக்கிற பழக்கத்தை நோக்கியே இந்த நிபந்தனை எழுதப்பட்டது என்று படிக்கும்போதே தெரிகிறது.

பிரெய்ரி கிரீக்கைப் பொறுத்தவரை இதில் நுட்பமான ஒரு திருப்பம் உண்டு. 2005ஆம் ஆண்டு விதியின் வரையறை தேதியைப் பிடித்துக்கொண்டது: 2001 பிப்ரவரி 1க்கு முன் செய்யப்பட்ட மதிப்பீடு வரலாற்று மதிப்பீடு. அந்த அளவுகோலில் 1998இன் கணக்கு சந்தேகமில்லாமல் உள்ளே வருகிறது. 2011இல் திருத்தப்பட்ட விதியோ உரிமையைப் பிடித்துக்கொண்டது: ஒரு நிறுவனம் அந்த இடத்தில் உரிமை பெறுவதற்கு முன் செய்யப்பட்டு, அந்நிறுவனத்தால் நடப்பு வளமாகச் சரிபார்க்கப்படாத மதிப்பீடே வரலாற்று மதிப்பீடு. சான் ஆண்ட்ரியாஸ் 1998க்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. எனவே பெயர் மாறிய அதே நிறுவனத்துக்கு, புதிய அளவுகோலில், அந்தக் கணக்கு வரலாற்று மதிப்பீடு ஆகாது. தானே பெற்ற ஒரு முந்தைய மதிப்பீடு மட்டுமே. இந்த மாற்றம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. மதிப்பீட்டின் மூலத் தரவு யார் கையில் இருக்கிறது, யார் அதற்குப் பொறுப்பேற்கிறார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. நாட்காட்டி அதற்கு ஒரு மோட்டாவான மாற்று மட்டுமே.

ஒரு மொத்தம் இரண்டாகப் பிரிந்தபோது

2006, 2007 ஆண்டுகளில் நிறுவனம் பழைய குடைவழியிலிருந்து ஒரு புதிய சாய்சுரங்கத்தை ஓட்டி, நிலத்துக்கடியிலிருந்தே நாளத்தை நோக்கித் துளையிட்டது. அந்தத் தரவுடன் 2007இல் மைன்ஃபிட் நிறுவனம் செய்த மதிப்பீட்டில் அளக்கப்பட்ட வளமும் சுட்டப்பட்ட வளமும் சேர்ந்து 58.4 லட்சம் டன்; துத்தநாகம் 10.71, ஈயம் 9.90 விழுக்காடு, வெள்ளி டன்னுக்கு 161 கிராம். உய்த்துணரப்பட்ட வளம் தனியாக 55.4 லட்சம் டன், துத்தநாகம் 13.53, ஈயம் 11.43 விழுக்காடு, வெள்ளி 215 கிராம்.

ஒப்பீட்டுக்காக மட்டும், நிறுவன அறிவிப்பில் விதி தடுக்கும் ஒரு கூட்டலைச் செய்து பார்ப்போம். 2007இன் இரு பகுதிகளும் சேர்ந்தால் 1 கோடியே 13.8 லட்சம் டன் வருகிறது. 1998இன் மொத்தத்தைவிட நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு. உள்ளடங்கிய துத்தநாகம் 1998 கணக்கில் சுமார் 14.75 லட்சம் டன்; 2007 கூட்டலில் சுமார் 13.75 லட்சம் டன். ஏழு விழுக்காடு குறைவு. வெள்ளி மட்டும் எதிர்த்திசையில் போகிறது: 1,900 டன்னாக இருந்தது சுமார் 2,130 டன்னாகிறது, அதாவது பன்னிரண்டு விழுக்காடு கூடுதல். பத்தாண்டு இடைவெளி, வேறு மதிப்பீட்டாளர், புதிய சுரங்கம், புதிய துளைகள் என்று எல்லாம் மாறியும் மொத்தம் இவ்வளவு நெருங்கி வந்தது 1998இன் ஆலோசகர்களுக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் பெருமை முதலீட்டாளருக்குப் பயன்படாது. பழைய மொத்தத்தைப் படித்தவர் 1.18 கோடி டன் தாது என்ற ஒரே பொருளைப் பார்த்தார். 2007இன் கணக்கைப் படித்தவர் அதில் ஏறக்குறைய பாதி மட்டுமே சுரங்கத் திட்டம் வகுக்கும் அளவுக்கு நம்பிக்கையோடு தெரியும் என்பதைப் பார்த்தார். வெள்ளியை எடுத்துக்கொண்டால் பாதிகூட இல்லை, 44 விழுக்காடுதான். சாத்தியக்கூறு அறிக்கையில் வருமானமாக எழுதக்கூடியது அந்த 44 விழுக்காட்டிலிருந்து வருவது மட்டுமே. மீதி வெள்ளி இருக்கலாம் என்று நம்ப இடமுண்டு, கடன் வாங்க இடமில்லை.

இன்னொரு பொறியும் இங்கே ஒளிந்திருக்கிறது. 1998இன் மொத்தத்தில் வெள்ளி 161 கிராம். 2007இன் அளக்கப்பட்ட, சுட்டப்பட்ட வளத்திலும் 161 கிராம். அவசரமாகப் படிப்பவர் வெள்ளித் தரம் உறுதிப்பட்டுவிட்டது என்று எழுதிவிடுவார். முந்தையது படிவு முழுவதன் சராசரி; பிந்தையது அதன் பாதியின் சராசரி. எண் ஒன்றாக இருப்பது தற்செயல்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, குறைவாகத் துளையிடப்பட்ட பகுதி அதிகமாகத் துளையிடப்பட்ட பகுதியைவிட எல்லா உலோகத்திலும் உயர்ந்த தரம் காட்டுவது. நாளம் ஆழத்தில் உண்மையாகவே செழித்திருக்கலாம். ஆனால் துளைகள் அரிதாக இருக்கும் இடத்தில், தற்செயலாக நல்ல கொத்தைத் தாக்கிய இரண்டு மூன்று துளைகள் தங்களைச் சுற்றியுள்ள பெரும் பரப்புக்கும் தங்கள் தரத்தைக் கொடுத்துவிடுவது இவ்வகை நாளங்களின் தெரிந்த நோய். நாளம் ஓரிடத்தில் பல மீட்டர் தடிக்கும், சற்றுத் தள்ளி ஓர் அடிக்கும் கீழே மெலியும். நீள்வெட்டு வரைபடத்தில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பலகோணம் வரைந்து, பரப்பைத் தடிமனால் பெருக்கி, அதை அடர்த்தியால் பெருக்கிய பழைய கைக்கணக்கில் இந்த நோய் வெளிப்படையாகத் தெரியும். கணினியில் சிறு கட்டங்களாகப் பிரித்து இடைமதிப்புக் காணும் முறையில் நோய் மறைந்து கிடக்கும், ஆனால் குணமாகிவிடாது.

அடர்த்தி என்ற சத்தமில்லாத காரணி

பழைய மதிப்பீடுகளைச் சரிபார்க்கிறவர்கள் தரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அடர்த்தியைப் பற்றிக் குறைவாகவே பேசுவார்கள். துத்தநாக–ஈயப் படிவில் இது பெரிய குறை. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், கலீனாவின் அடர்த்தி ஏறக்குறைய 7.5, ஸ்பேலரைட்டின் அடர்த்தி சுமார் 4; நாளத்தைச் சூழ்ந்த டோலமைட்டும் நாளத்துக்குள் இருக்கும் குவார்ட்சும் 2.65க்கும் 2.9க்கும் இடையே. 1998இன் சராசரித் தரத்தையே எடுத்துக்கொண்டு, துத்தநாகம் முழுவதும் ஸ்பேலரைட்டாகவும் ஈயம் முழுவதும் கலீனாவாகவும் இருப்பதாக வைத்துக்கொண்டால், எடையில் சுமார் 19 விழுக்காடு ஸ்பேலரைட், 12 விழுக்காடு கலீனா, மீதி வெறும் பாறை. அந்தக் கலவையின் அடர்த்தி 3.2 அளவில் வரும். இதற்குப் பதிலாக ஒருவர் வழக்கமான பாறைக்குரிய 2.8 என்ற மதிப்பைப் போட்டுவிட்டால், மொத்த டன் கணக்கு எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். மறுபக்கம், நாளத்தின் மேற்பகுதி நீரால் அரிக்கப்பட்டுப் பொந்து பொந்தாக இருந்தால், கனிம விகிதத்திலிருந்து கணக்கிட்ட அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே துளையிலிருந்து எடுத்த உருளை மாதிரியை நீரில் மூழ்கவைத்து எடைபோடுவதற்கு மாற்றே இல்லை. பொந்துள்ள மாதிரிக்கு மெழுகுப் பூச்சும் தேவை.

அடர்த்தியின் பாதிப்பு டன்னோடு நிற்பதில்லை. ஒரு துளையில் நாளத்தைக் கடக்கும் மூன்று மாதிரிகளில் ஒன்று கிட்டத்தட்டத் திண்ம கலீனாவாகவும் மற்ற இரண்டு வெளிறிய குவார்ட்சாகவும் இருந்தால், நீளத்தை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பது கனமான மாதிரியின் பங்கைக் குறைத்துவிடுகிறது. நீளத்தையும் அடர்த்தியையும் பெருக்கி எடையிட்டால் ஈயத் தரம் உயரும். வெள்ளியில் ஒரு பகுதி கலீனாவோடு போவதால் அதுவும் சேர்ந்து உயரும். 1998க்கும் 2007க்கும் இடையே துத்தநாகம் இறங்கி வெள்ளி ஏறிய விதத்துக்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. இரு கணக்குகளை ஒப்பிடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று என்கிறேன். பழைய அறிக்கையில் அடர்த்தி எப்படிப் பெறப்பட்டது என்ற ஒரு பத்தி இல்லையென்றால், அந்த அறிக்கையின் தசமப் புள்ளிகளுக்குப் பொருளில்லை.

இதற்கு எதிர்ப்புறமாக இழுக்கும் இன்னொரு பிழையும் உண்டு. நொறுங்கும் தன்மையுள்ள நாளத்தில் துளையிடும்போது மென்மையான பகுதி நீரோடு கரைந்து போய்விடும். உருளையாகக் கிடைப்பது கெட்டியான குவார்ட்ஸ். குடைவழியின் சுவரில் உளியால் கால்வாய்போல வெட்டி எடுக்கும் மாதிரியிலோ எளிதில் உதிரும் கலீனா கூடுதலாக விழும். ஒரே நாளத்தை இரண்டு விதமாக மாதிரியெடுத்து இரண்டையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டினால், எந்தப் பக்கம் சாய்கிறது என்று பழைய துளையின் அருகிலேயே புதிய துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பழைய உருளைகள் பெட்டிகளில் பத்திரமாக இருந்தால் பாதி வேலை மிச்சம். பல கைவிடப்பட்ட சுரங்கங்களில் அந்தப் பெட்டிகள்தான் முதலில் சிதைகின்றன.

வெள்ளி எந்தக் கனிமத்தில் இருக்கிறது

பிரெய்ரி கிரீக் நாளத்தில் வெள்ளியின் பெரும்பகுதி டெட்ராஹெட்ரைட்டில் இருக்கிறது. குறைந்த அளவு கலீனாவில். டெட்ராஹெட்ரைட் என்பது செம்பும் ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அதற்குள் ஆர்செனிக்கும் பாதரசமும் எளிதாக இடம்பிடிக்கும். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, வெள்ளி சீராகப் பரவியிருக்காது. டெட்ராஹெட்ரைட் கொத்து இருக்கும் இடத்தில் ஆய்வக முடிவு பன்மடங்கு எகிறும். அந்த உச்சங்களுக்கு மேல்வரம்பு கட்டாமல் சராசரி எடுத்தால் ஒரு கைப்பிடி மாதிரிகளே படிவின் வெள்ளியைத் தீர்மானித்துவிடும். ஆகவே வெள்ளியின் எண் துத்தநாகத்தின் எண்ணைவிட எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். பழைய மதிப்பீட்டைப் படிக்கும்போது துத்தநாகத்துக்குக் கொடுக்கிற நம்பிக்கையை அப்படியே வெள்ளிக்கும் கொடுப்பது தவறு.

இரண்டாவது விளைவு உருக்காலையின் வாசலில் தெரியும். தாதுவை அரைத்து நுரை மிதப்பு முறையில் ஈயச் செறிவு, துத்தநாகச் செறிவு என்று இரண்டாகப் பிரிக்கும்போது, வெள்ளியோடு கூடவே ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் பாதரசமும் வருகின்றன. பாதரசம் மிகுந்த துத்தநாகச் செறிவை எல்லா உருக்காலைகளும் வாங்குவதில்லை. வாங்குகிறவை விலையில் கழித்துக்கொள்ளும். வெள்ளித் தரம் உயர்ந்த இடத்திலேயே இந்த விலைக்கழிவும் உயரக்கூடும் என்பது இந்தப் படிவின் தனிக் குணம். டன்னும் தரமும் மட்டுமே கொண்ட ஒரு தலைப்பு எண்ணில் இதைப் படிக்க வழியே இல்லை.

நாளத்தின் மேற்பகுதி ஓரளவு ஆக்சிகரணம் அடைந்திருப்பதும் இதே வகைச் சிக்கல். அங்கே துத்தநாகத்தின் ஒரு பங்கு ஸ்மித்சோனைட் என்ற கார்பனேட்டாகவும், ஈயத்தின் ஒரு பங்கு செருசைட்டாகவும் மாறிவிட்டது. ஆய்வகம் மொத்தத் துத்தநாகத்தை அளந்து 12 விழுக்காடு என்று சொன்னால் அது சரிதான். ஆனால் சல்பைடுகளுக்காக அமைக்கப்பட்ட மிதப்பு முறையில் கார்பனேட் பெருமளவு கழிவோடு போய்விடும். மொத்த அளவோடு, அமிலத்தில் கரையும் ஆக்சைடுப் பங்கையும் தனியாக அளந்திருந்தால்தான் மீட்கக்கூடிய உலோகம் எவ்வளவு என்று கணிக்க முடியும். பழைய மதிப்பீடுகளில் இந்தப் பிரிப்பு இருந்தால் அது அதிர்ஷ்டம். குடைவழிகள் வெட்டி அதிகமாக மாதிரி எடுக்கப்பட்டது மலையின் மேல்மட்டங்களில் என்பதால், புள்ளியியல் நோக்கில் நன்றாகத் தெரிந்த பகுதியே உலோகவியல் நோக்கில் தொல்லை மிகுந்த பகுதியாக அமைந்துவிடுகிறது. வள வகைப்பாடு துளைகளின் நெருக்கத்தை நன்றாகப் பிரதிபலிக்கிறது. தாது ஆலைக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த அளவுக்குப் பிரதிபலிப்பதில்லை. இது இன்றைய விதிகளிலும் மிச்சமிருக்கும் பலவீனம்.

2015இன் கணக்கு

2015இல் நிலத்தடித் துளையிடல் மீண்டும் நடந்தது. அதையும் சேர்த்து அதே ஆண்டு ஏ.எம்.சி. நிறுவனம் செய்த மதிப்பீட்டில் அளக்கப்பட்ட, சுட்டப்பட்ட வளம் 87 லட்சம் டன்னாக உயர்ந்தது, துத்தநாகம் 9.5, ஈயம் 8.9 விழுக்காடு, வெள்ளி 136 கிராம். உய்த்துணரப்பட்டது 70 லட்சம் டன், துத்தநாகம் 11.3, ஈயம் 7.7 விழுக்காடு, வெள்ளி 166 கிராம். நம்பிக்கை கூடிய பகுதியின் துத்தநாகம் 6.25 லட்சம் டன்னிலிருந்து சுமார் 8.27 லட்சம் டன்னாகியது. வெள்ளி 940 டன்னிலிருந்து 1,180 டன்னாகியது. எட்டு ஆண்டு உழைப்பின் உண்மையான பலன் இந்த இரண்டு ஏற்றங்கள்தான்.

தரம் எல்லா இடத்திலும் இறங்கியிருப்பதைச் சிலர் பின்னடைவாகப் படிக்கலாம். அப்படிப் படிக்க வேண்டியதில்லை. வரம்புத் தரம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள பாறையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஈயத்தையும் வெள்ளியையும் விலை, மீட்பு விகிதம் ஆகியவற்றைக் கொண்டு துத்தநாகத்துக்குச் சமமாக மாற்றித்தான் பல உலோகப் படிவுகளில் இந்த வரம்பைப் போடுவார்கள். உலோக விலை மாறும்போது வரம்பும் மாறும். வரம்பு இறங்கினால் டன் பெருகும், தரம் குறையும். ஆகவே விலையும் மீட்பும் சொல்லாத பழைய மதிப்பீட்டையும் சொல்லுகிற புதிய மதிப்பீட்டையும் டன்னுக்கு டன் ஒப்பிடுவது பாதி ஒப்பீடுதான். இருப்பினும், உய்த்துணரப்பட்ட பகுதியின் வெள்ளி 215இலிருந்து 166ஆக இறங்கியதில் வரம்பின் பங்கோடு, சில துளைகளின் மிகைச் செல்வாக்கு நீங்கியதன் பங்கும் கலந்திருக்கும் என்றே கணிக்கிறேன். துத்தநாகம் 13.53இலிருந்து 11.3ஆக, அதாவது ஆறில் ஒரு பங்கு இறங்க, வெள்ளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இறங்கியிருப்பது அந்தக் கணிப்போடு ஒத்துப்போகிறது.

மதிப்பீட்டின் எல்லைக்குள் வராத, ஆனால் அதன் பொருளைத் தீர்மானிக்கிற காரணிகளும் இதற்கிடையே நகர்ந்தன. 1976இல் அமைந்து 1978இல் உலகப் பாரம்பரியத் தலமான நஹானி தேசியப் பூங்காக் காப்பகம் 2009இல் சுமார் 30,000 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, சுரங்க இடம் மட்டும் ஒரு தீவாக வெளியே விடப்பட்டு, சுற்றிலும் பூங்கா வந்தது. லியார்டு நெடுஞ்சாலையை எட்ட 170 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை அந்தப் பூங்காவின் ஊடாகவும் டெனே பழங்குடி மக்களின் பாரம்பரிய நிலத்தின் ஊடாகவும் போக வேண்டும். வளம் என்று அழைக்கப்படுவதற்கு, என்றேனும் பொருளாதார ரீதியாக எடுக்கப்பட நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்று கனடாவின் வரையறை கேட்கிறது. அந்த வாய்ப்பு இங்கே பாறையைவிடச் சாலையைச் சார்ந்தே இருந்திருக்கிறது. செறிவூட்டிய தாதுவை ஆண்டு முழுவதும் வெளியே கொண்டுபோக முடியுமா, பனிச்சாலை இருக்கும் சில வாரங்களில் மட்டும்தானா என்பதைப் பொறுத்து, ஒரே வரம்புத் தரம் நியாயமாகவும் தெரியும், பேராசையாகவும் தெரியும்.

2018இல் நிறுவனம் நார்ஜிங்க் என்று மீண்டும் பெயர் மாறியது. 2022இல் ரிசோர்ஸ் கேப்பிட்டல் ஃபண்ட் என்ற தனியார் முதலீட்டு நிதியம் அதை முழுமையாக வாங்கியது. 2011ஆம் ஆண்டின் வரையறையை நேராகப் பொருத்தினால், நாளை கனடியச் சந்தையில் பட்டியலிடப்பட்ட வேறொரு நிறுவனம் பிரெய்ரி கிரீக்கை வாங்கும்போது, 1998இன் கணக்கு மட்டுமல்ல, மூன்று வகையாகப் பிரித்து, துளைத் தரவோடு, தகுதிபெற்ற வல்லுநர் கையொப்பமிட்ட 2015இன் கணக்கும் அந்த நிறுவனத்துக்கு வரலாற்று மதிப்பீடாகவே தொடங்கும். அதன் சொந்த வல்லுநர் ஒருவர் துளைத் தரவையும் ஆய்வகச் சான்றுகளையும் அடர்த்தி அளவீடுகளையும் பார்த்து, உலோக விலைகளையும் உருக்காலைகளின் விலைக்கழிவுகளையும் புதுப்பித்து, பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் வரை 87 லட்சம் டன் என்ற எண்ணுக்குப் பக்கத்திலும், அதே அளவு முக்கியத்துவத்துடன், அந்த எச்சரிக்கை வாசகம் நிற்க வேண்டும்.